நடுச்சுவத்துக் காக்கா

ஏனுங்க,

போன்ல உங்கண்ணன் பேரெடுத்தா வெச்சிருவீங்க. அதான் நீங்க போர் போடற ரிக் வண்டிக்குச் சாமான் ஏத்திட்டு வர்ற லாரியில இந்தக் கடுதாசியக் குடுத்துவுடறேன்.

இன்னிக்கு அமாவாசை. உங்கப்பாவ நெனச்சு பொறக்கடையில காக்காவுக்குச் சோறு வெச்சேன். அது பாகம் பிரிச்சப்பக் கட்டின நடுச்சுவத்து மேலயே உக்காந்திருச்சுங்க! அந்தப் பக்கம் உங்கண்ணனும் சோறு வெச்சுக் கூப்பிட்டுட்டே நின்னாரு. காக்கா தின்னாம நாம திங்க முடியுங்களா?

மழையில நனைஞ்ச காக்காவுக்குக் குருவி கதவத் தொறக்காத கதைய நேத்துத்தான் பாப்பாவுக்குச் சொன்னேன். இன்னிக்கு அவ, “நாமளும் பூட்டித்தான வெச்சிருக்கோம், அதான் காக்காவுக்குக் கோவம்”னு சொல்லி, சாவிய எடுத்துச் சுவத்துக் கதவத் தொறந்து ஓடி, பெரியப்பா இலைகிட்டயே நம்ம இலையையும் வெச்சுட்டா. உடனே எறங்கிக் கொத்திருச்சுங்க! உங்கண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எல்லாரும் அங்கயே சாப்பிட்டோம்!

அந்தக் கதவுப் பூட்டப் பாப்பா எங்கயோ ஒளிச்சு வெச்சிட்டா. நானும் தேடலீங்க.

உங்க பாப்பாவோட அம்மா