கல்யாண மண்டபத்தில் ஒரு சொம்பு தண்ணீர்

வைகாசி 4, திங்கள்

காலையிலேயே வெயில். எனக்கு எழுத்துத் தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

கம்பங்கூழ். பிறகு சக்கர நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கும் பயிற்சி. பாவாயி என் முதுகையும் இடுப்பையும் பார்த்தாள். சிவப்பு இல்லை, புண் இல்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து கால்கள் விளங்காமல் போனதிலிருந்து என் பெண்டாட்டிக்கு இது தினப்படி வேலை.

நர்சம்மா வந்தார். பிரஷர் பரவாயில்லை.

"தண்ணி நல்லாக் குடிக்கறீங்களா ஐயா?"

"குடிக்கறனுங்க."

"பொய்யிங்க. வெளிய கெளம்பறதுன்னா மொத நாளே நிறுத்திப்போடுவாரு," என்றாள் பாவாயி.

நர்சம்மாவிடம் நல்ல திட்டு. போன தடவை ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த பிறகு மூத்திரத்தில் கிருமி, குளிர்காய்ச்சல், ஆஸ்பத்திரி. மறுபடி வந்தால் கிட்னியைப் பிடிக்குமாம்.

வைகாசி 6, புதன்

மச்சினன் செல்வராசு மகளுக்கு வெள்ளிக்கிழமை ராசிபுரத்தில் கல்யாணம்.

மண்டபம் என்றால் மற்றவர்களுக்குப் பந்தி நினைவு வரும். எனக்குக் கக்கூஸ் வாசல். திருச்செங்கோட்டில் படி, வழுக்கும். சேலத்தில் கதவு குறுகல். ராசிபுரத்தில் இரண்டும். ஆள் தூக்கினால்தான் உண்டு. பட்டுவேட்டிக்காரனை எப்படிக் கூப்பிடுவது?

வைகாசி 7, வியாழன்

புழுக்கம். சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்தினேன்.

வைகாசி 8, வெள்ளி

நாக்கு ஒட்டுகிறது. காலையில் மூத்திரம் அடர் மஞ்சள். பயம்தான்.

தாலி கட்டியாயிற்று. பாவாயி சொம்போடு வந்தாள்.

"குடிங்க."

"அப்புறம் ஆரு தூக்கறது?"

"தம்பிகிட்டச் சொல்லிப்போட்டேன்."

பெண்ணின் அப்பனிடமா! கூச்சம் பிடுங்கித் தின்றது. அதற்குள் செல்வராசு மேடையிலிருந்து இறங்கி வந்து நின்றான்.

"குடிச்சிட்டீங்களா மச்சான்? உங்களுக்குக் காச்சல் வந்தா எங்கக்கா என்னையத்தான் வைவா."

சொம்பு முழுக்கக் குடித்தேன்.

இரண்டாம் பந்திக்குள் மூத்திரம் முட்டியது. கூப்பிட்டேன். செல்வராசு பட்டுவேட்டியை மடித்துக் கட்டினான். சமையல்காரர் ஒருவர் மறுபக்கம் பிடித்தார்.

"என்னுங்க மச்சான் இந்தக் கனம்!"

"உங்கக்கா சோறுடா."

சமையல்காரருக்குச் சிரிப்பு. "சாமி, சிரிக்க வெக்காதீங்க, கீழ போட்டுருவேன்!"

போட்டுவிடவில்லை.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பாவாயியிடம் இன்னொரு சொம்பு கேட்டேன்.