எழுத்தில்லாத டிரைவ்

மார்ச் 3, 2025, திங்கள்

செய்முறைத் தேர்வுக்கான பென் டிரைவைத் துடைத்து வைத்தேன். வழக்கம்போல் கறுப்புத் திரையில் ‘லிஸ்ட் வால்யூம்’ தட்டி, மாட்டியிருக்கும் டிஸ்க்குகளின் வரிசையில் அதன் எண்ணைத் தேர்ந்து, ஃபார்மட் செய்து, ‘அனு எக்ஸாம்’ என்று என் பெயரையே வைத்து, ஈ, எஃப் என்று வரும் டிரைவ் எழுத்தையும் எடுத்துவிட்டேன். எழுத்து இல்லாவிட்டால் மாணவர் கண்ணுக்கு அந்த டிரைவே தெரியாது. நடுவில் வீட்டிலிருந்து போன்: மகள் திரிஷாவுக்குக் காய்ச்சல். அவசரமாக முடித்துவிட்டுக் கம்பம் பஸ்ஸைப் பிடித்தேன்.

மார்ச் 5

லேபின் பெரிய ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. நாற்பத்திரண்டு பேரின் கடைசி வருட புராஜெக்ட் அதில்தான் இருக்கிறது. பிரின்சிபால் கேட்டதும் என் வாய் முந்திக்கொண்டது: லேப் அசிஸ்டென்ட் ரூபன் சனிக்கிழமை மேசையை மாற்றினார், கீழே போட்டிருக்கலாம்.

சாம்பல் புதன். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு ரூபன் வந்து நின்றார். ஆறு வருடமாக என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். “நான் போடல சார். அக்கா, நீங்க சொல்லுங்க.”

நான் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

ரூபனை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். டிஸ்க் என் பீரோவில்.

மார்ச் 11

வினாத்தாளை ஏற்றலாமென்று பென் டிரைவைச் செருகினால், போன வருட வினாத்தாள் அப்படியே இருக்கிறது. துடைத்தேனே? அப்படியென்றால் எதைத் துடைத்தேன்?

பீரோவைத் திறந்து டிஸ்க்கை மாட்டி ‘லிஸ்ட் வால்யூம்’ தட்டினேன். வால்யூம் 4. எழுத்துக் கட்டம் காலி. பெயர்: அனு எக்ஸாம். 931 ஜிபி. நிலை: ஹெல்தி.

நன்றாகத்தான் இருக்கிறது. கீழே விழவே இல்லை. ஐந்தைத் தட்டுவதற்குப் பதில் நாலைத் தட்டி, இதைத் துடைத்திருக்கிறேன் — அடிப்பாவி.

மார்ச் 12

ஒரு வரி தட்டினால் அந்தப் பெயரை மாற்றிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? தட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

மார்ச் 14

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் ரூபனின் மனைவி பெனிஷா. திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அவுக சரியாச் சாப்புடுறதில்ல மேடம். அக்கா எப்படியும் கண்டுபுடிச்சிருவாகன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காக.”

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மார்ச் 17

பிரின்சிபாலிடம் திரையைக் காட்டினேன். ரூபன்தான் போயாச்சே, அப்படியே விட்டுவிடுவோம், உங்கள் பேர் எதற்குக் கெட வேண்டும் என்றார். என் பேர்தான் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறதே சார் என்றேன். எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே எனக்கு மெமோ வந்தது.

மார்ச் 26

தேனியில் ஒரு கடையில் முப்பத்தேழு புராஜெக்டை மீட்டுக் கொடுத்தார்கள். மற்ற ஐந்து பேரின் புராஜெக்டை மறுபடி தட்ட, அவர்களோடு தினமும் மாலையில் உட்கார்கிறேன். அவர்களில் மகிமா என்னிடம் பேசுவதே இல்லை. தட்டுகிறாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 21

ஈஸ்டர் முடிந்து ரூபன் வேலைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார்.

மதியம் ஒரு பென் டிரைவைத் துடைக்க வேண்டியிருந்தது. ‘லிஸ்ட் வால்யூம்’ தட்டிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வந்து நின்றார்.

“என்டர் தட்டுறதுக்கு முந்தி நம்பர வாய்விட்டுச் சொல்லுங்க மேடம்.”

மேடம் என்றுதான் சொன்னார். ஐந்து என்றேன்.