மெட்கால்ஃபுக்குக் கொடுத்த கிறிஸ்துமஸ் முயல்

ஸ்கார்த்விக்
ஜூன் 3, செவ்வாய் (தொடங்கிய நாள்)

அன்பு மகள் பெவர்லிக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், என் இடது முழங்கால் நலமில்லை, அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் பிள்ளைகளும் நியூசிலாந்தில் குளிர் தொடங்கும் இந்த மாதத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இது என் சொந்தக் கையெழுத்து. வேறு யாரும் எழுதித் தரவில்லை, எழுத்தின் உயரத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். உன் அம்மா இருந்தவரை அவள்தான் எழுதுவாள், நான் பக்கத்தில் நின்று அதையும் எழுது இதையும் எழுது என்பேன், அவள் எழுதினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளியில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து அடுப்புக்குக் கரி போடும் வேலையைக் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் போட்டேன், ஒரு நாளும் அடுப்பு அணைந்ததில்லை, ஆனால் படிப்பு வரவில்லை. போன வருடம் நூலகத்தில் செவ்வாய்தோறும் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இப்போது ரொட்டி உறையில் இருப்பது, பேருந்தில் இருப்பது, கல்லறையில் இருப்பது எல்லாம் படிக்கிறேன். ரொட்டி உறையில் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்று புதன். நேற்று மேலே உள்ளதோடு கை வலித்துவிட்டது. உனக்கு ஒரு பெரிய செய்தி சொல்ல வேண்டும், அது உன் தாத்தாவைப் பற்றியது, செய்தித்தாளிலும் வந்துவிட்டது, வேறு யாராவது உனக்குச் சொல்லும் முன் நானே சொல்வதுதான் முறை. ஈரக்கால் வழி உனக்கு நினைவிருக்கும். மேட்டுத் தெருவிலிருந்து லோ பண்ணை முற்றம் வழியாக இறங்கி, ஓடையில் கல்மேல் கல்லாகத் தாண்டி, தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் போகும் பாதை. நீயும் அதில்தான் பள்ளிக்குப் போனாய், வாரத்துக்கு ஒரு காலுறையை ஓடையில் விட்டாய். லோ பண்ணையை வாங்கிய பெல்லிங்கம் என்பவர் இரண்டு வருடம் முன்பு அந்த முற்றத்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் குதிரை வளர்க்கிறார், குதிரைகளுக்கு நம்மைப் பிடிக்கவில்லையாம். கேட் போட்டதிலிருந்து மேட்டுத் தெருக்காரர்கள் தேவாலயத்துக்குப் போகத் தார்ச்சாலையில் ஒன்றரை மைல் சுற்றுகிறோம். உன் எட்னா அத்தைக்கு எண்பத்து நாலு வயது, இடுப்பு மாற்றியவள், அவள் சுற்ற முடியாமல் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள். கோயிலுக்குப் போகாத எட்னாவோடு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பது எனக்குச் சிரமமாக இருந்தது.

ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மிஸஸ் ஆட்கின்ஸ் கவுன்சிலுக்கு மனுப் போட்டார். சட்டம் இப்படியாம், ஒரு பாதையில் ஊரார் இருபது வருடம் யாரிடமும் கேட்காமல், ஒளியாமல், எதையும் உடைக்காமல் நடந்திருந்தால் அது ஊருக்குச் சொந்தம். கேட்டு நடந்திருந்தால் அது நிலக்காரர் செய்த உபகாரம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆகவே பழைய ஆட்கள் எல்லாரும் தாங்கள் நடந்ததை எழுதித்தர வேண்டும் என்றார்கள். மிஸஸ் ஆட்கின்ஸ் என்னிடம் வந்து "நீங்க சும்மா சொல்லுங்க வில்ஃப், நான் எழுதிக்கிறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். எண்பது வயதில் எழுதக் கற்றுக்கொண்டு, எழுத ஒரு காரியம் கிடைத்தால் அதை இன்னொருத்தருக்குக் கொடுப்பேனா.

நாலு பக்கம் எழுதினேன், பதினாறு நாள் ஆனது. தினமும் பள்ளிக்கு அந்த வழியில் போனதை எழுதினேன். ஆலைச் சங்கு ஊதும்போது பண்ணை முற்றத்தில் இருந்தால் நேரத்துக்குப் போகிறோம், ஓடையில் இருந்தால் பிரம்படி என்று எழுதினேன். எல்லை சுற்றும் நாளைப் பற்றி எழுதினேன். ஒவ்வொரு வருடமும் பாதிரியார் முன்னால் போக ஊரே வில்லோ மரக் குச்சியோடு ஊரெல்லையைச் சுற்றி வரும், லோ பண்ணை முற்றத்தில் இருக்கும் எல்லைக்கல் வந்ததும் ஒரு பையனைத் தலைகீழாகப் பிடித்துத் தலையைக் கல்லில் லேசாக இடிப்பார்கள், எல்லை எங்கே என்று அவன் சாகும்வரை மறக்கக்கூடாது என்பதற்காக. எனக்கு எட்டு வயதில் என்னை இடித்தார்கள். லேசாக என்பது அவர்கள் சொன்னது. அதற்கு ஒரு இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள். கல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு போவேன். கடைசியில் தாளில் ஒரு கேள்வி இருந்தது, நிலக்காரரோடு உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ கொடுக்கல் வாங்கல் ஏதாவது உண்டா என்று. உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது, அதையும் நான்தான் படித்தேன். ஆகவே இப்படி எழுதினேன்: "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் அப்பா மெட்கால்ஃபுக்கு ஒரு முயல் கொண்டுபோய்க் கொடுப்பார், நானும் கூடப் போவேன்." மெட்கால்ஃப் என்பது அப்போது லோ பண்ணையை வைத்திருந்தவர். பிறகு நானே உறையில் போட்டு, நானே முகவரி எழுதி, நானே தபாலில் சேர்த்தேன். யாரிடமும் காட்டவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

வெள்ளி. நேற்று முழங்காலுக்காக மருத்துவரிடம் போனேன், எழுதவில்லை. எல்லாருடைய வாக்குமூலத்துக்கும் நகல் எடுத்து இரண்டு தரப்புக்கும் கொடுப்பார்களாம், இது எனக்குத் தெரியாது. நகல் கிடைத்த அன்றே மிஸஸ் ஆட்கின்ஸ் மழையில் குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். "வில்ஃப், நம்ம குடியையே கெடுத்துட்டீங்களே! வருஷா வருஷம் முயல் கொடுத்தோம்னா என்ன அர்த்தம்? உள்ள விடுங்கன்னு கேட்டுத்தான் நடந்தோம்னு அர்த்தம். அவங்க வக்கீல் இதைத்தான்யா தேடிக்கிட்டிருந்தான், நீங்க தட்டுல வெச்சுக் குடுத்திருக்கீங்க" என்றார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்தேன். அந்த முயல் பாதைக்காகக் கொடுத்தது இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார். நான் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

பெவ், உன் தாத்தா ஹெர்பர்ட் கார்சைட் முப்பத்தோரு வருடம் தேவாலயத்தில் மணி அடித்தவர், கோபுரத்தில் அவர் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கிறது. அவர் மெட்கால்ஃபின் வயலில் கண்ணி வைத்து முயல் பிடித்தவரும்கூட. இறைச்சிக்கு ரேஷன் இருந்த காலம், வீட்டில் நாங்கள் ஐந்து பேர். கிறிஸ்துமஸுக்கு மெட்கால்ஃபிடம் கொண்டுபோன முயல் மெட்கால்ஃபுடைய முயலேதான். அவர் கண்டும் காணாமல் இருப்பதற்காக. இதை வெளியே சொல்லக்கூடாது என்று என் அம்மா எட்னாவையும் என்னையும் பைபிளில் கைவைக்கச் சொல்லியிருந்தாள். இப்போது இதைச் சொன்னால் பாதை கிடைக்கும், அப்பா திருடன் ஆவார். சொல்லாவிட்டால் அப்பா மணி அடித்தவராகவே இருப்பார், பாதை போய்விடும். எட்னாவிடம் போய்க் கேட்டேன். அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளியைக் கீழே வைத்துவிட்டாள், அது நல்ல அறிகுறி இல்லை. "டேய், செத்து அம்பது வருஷமான மனுஷன ஊர் நடுவுல நிக்கவெச்சு திருடன்னு சொல்லப்போறியா? அந்தப் பாதை இல்லாம நான் செத்தாலும் பரவால்ல" என்றாள். உனக்காகத்தானே அக்கா பாதை என்றேன். "எனக்காக ஒண்ணும் பண்ண வேணாம். நீ எழுதக் கத்துக்கிட்டதே தப்பு" என்றாள். அப்புறம் விசாரணை நாள்வரை என்னோடு பேசவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமைத்ததில் என் பங்கை வழக்கம்போல வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

விசாரணை ஏப்ரல் கடைசியில் ஊர் மன்றத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது. பிரிஸ்டலிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்திருந்தார், கறாரானவர், பிஸ்கட் நன்றாகச் சாப்பிட்டார். எட்னா மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்திலிருந்து மெட்கால்ஃபின் மகள் மிஸ் ஆலிவையும் சக்கர நாற்காலியில் கூட்டிவந்திருந்தார்கள், எண்பத்தெட்டு வயது, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. பெல்லிங்கமின் வக்கீல் என்னைக் கூப்பிட்டு, முயல் வரியை மட்டும் படிக்கச் சொன்னார். ஐயா, எனக்கு நடுவிலிருந்து படிக்க வராது, முதலிலிருந்துதான் வரும் என்றேன். அதிகாரி அம்மாள் படியுங்கள் என்றார். நாலு பக்கமும் படித்தேன், நாற்பது நிமிடம் ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பெவ், ஒரு கூட்டத்துக்கு முன்னால் நான் எழுதியதை நானே படித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வழக்குத் தோற்றாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது, இதை மிஸஸ் ஆட்கின்ஸிடம் சொல்லாதே.

முடிந்ததும் வக்கீல், "ஆக, பண்ணை வழியா நடக்க அனுமதிச்சதுக்கு நன்றியா உங்க அப்பா வருஷா வருஷம் முயல் கொடுத்தாரு. அப்படித்தானே?" என்றார். நான் எட்னாவைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள். அவளால் சுற்ற முடியாத ஒன்றரை மைலை நினைத்துக்கொண்டு, "இல்லீங்க. அது அவரோட முயலுங்க. எங்க அப்பா அவர் வயல்ல கண்ணி வெச்சுப் பிடிச்சது. பன்னெண்டு பிடிச்சா ஒண்ணு திருப்பிக் குடுப்பாரு" என்றேன். வக்கீல் தாளைப் புரட்டினார். "அப்படின்னா முயல் பிடிக்க அனுமதி இருந்தது?" என்றார். "அனுமதி இருந்தா அது திருட்டு இல்லீங்களே ஐயா" என்றேன். அப்போது சக்கர நாற்காலியிலிருந்து மிஸ் ஆலிவ் பேசினார், கண்ணைத் திறக்கவில்லை. "எங்க முயல்னு எங்களுக்குத் தெரியும். எங்க அம்மா வருஷா வருஷம் சத்தம் போடுவா, பதினொண்ண அவன் தின்னுட்டு ஒண்ணக் கொண்டாந்து நீட்டுறான், நீரு நன்றி வேற சொல்றீரேன்னு. அப்பா சொல்வாரு, விடுடி, வேலிய ஒடைக்காமத் திருடுறவன் இந்தப் பக்கம் அவன் ஒருத்தன்தான்னு." ஊரே சிரித்தது. அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை, பாதையில் நடக்க யாராவது உங்கள் அப்பாவிடம் அனுமதி கேட்டார்களா என்று கேட்டார். மிஸ் ஆலிவ் கண்ணைத் திறந்தார். "பாதைக்கு எதுக்கு எங்க அப்பாகிட்டக் கேக்கணும்? அது அவரோடதா என்ன?" என்றார். அதிகாரி அம்மாள் அதை எழுதிக்கொண்டார், நான் பார்த்தேன்.

வெளியே வந்தபோது எட்னாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் பயந்துதான் கிட்டப் போனேன். ஒருவர் சொல்கிறார், உங்கள் அப்பா என் அம்மாவுக்குப் பாதி விலையில் முயல் கொடுப்பார் என்று. இன்னொருவர் சொல்கிறார், மணி அடிக்கப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்குக் கோட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார், பாதிரியார் வீட்டுக்கு இரண்டு போகும் என்று. அறுபது எழுபது வருடமாக எட்னாவும் நானும் பொத்திப் பொத்தி வைத்திருந்த இரகசியத்தை ஊரே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறது. எட்னா தன் வீட்டு வாசலில் நின்று, "பாதிரியார் வீட்டுக்கு ரெண்டாம்! நமக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். என்மீது இருந்ததைவிட அப்பாமீது இப்போது அவளுக்கு அதிகக் கோபம்.

இன்று திங்கள், இதை முடித்துவிடுகிறேன். தீர்ப்பு போன வாரம் தபாலில் வந்தது, உறைமேல் என் பெயர். பதினெட்டுப் பக்கம், படிக்க மூன்று நாள் ஆனது, பாதை ஊருக்குச் சொந்தம் என்பது பதினேழாம் பக்கத்தில்தான் இருந்தது, முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். இந்த மாதம் முடிவதற்குள் பூட்டை எடுக்க வேண்டும். பெல்லிங்கம் புதன்கிழமையே எடுத்துவிட்டார், என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார், குதிரைகள் தொடவில்லை. தீர்ப்பை எட்னாவிடம் கொண்டுபோனேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு நீயே படி என்றாள். நூற்றுப் பன்னிரண்டாம் பத்தியில் இப்படி இருக்கிறது: "காலஞ்சென்ற திரு ஹெர்பர்ட் கார்சைட், கிடைத்துள்ள சாட்சியங்களின்படி, எதற்காகவும் யாரிடமும் எப்போதும் அனுமதி கேட்டவராகத் தெரியவில்லை." எட்னா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. பிறகு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "சரியாத்தான் எழுதியிருக்கா" என்று சொல்லிக் கோயிலுக்குக் கிளம்பினாள். அன்று கோயிலில் ஆராதனை இல்லை, வியாழக்கிழமை. போய்வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது, ஓடையில் ஒரு கால் நனைந்துவிட்டது என்றாள்.

நீயும் கிரெய்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க இந்தக் கிழவனின் வாழ்த்து. குளிருக்குப் பிள்ளைகளின் காதை மூடி அனுப்பு. ஒன்றை மறக்காதே, நீ பதில் எழுதும்போது எழுத்தைச் சேர்த்து எழுதாமல் தனித்தனியாக, கொஞ்சம் பெரிதாக எழுது. பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்ல எனக்கு இனி மனம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
வில்ஃப்ரட் ஹெர்பர்ட் கார்சைட்
(முழுப் பெயரும் பார்க்காமல் எழுதியது)