இரண்டு இருக்கை வண்டியும் ஏழு கோட்டைகளும்

ப்ளேரே,
மார்ச் 23, ஞாயிறு

அன்பு மகள் ஸொலேனுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கடல் தாண்டி அந்தத் தீவில், நூமெயாவில், நீயும் மாப்பிள்ளையும் குட்டி அப்போலினும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே புயல் காலம் முடிந்துவிட்டதா, போன மாதம் கழன்று போன அந்தச் சமையலறை ஜன்னல் கதவை மாட்டினீர்களா இல்லையா, நீ ஒன்றும் சொல்லவில்லை. அப்போலினுக்கு இருமல் இன்னும் இருந்தால் இரவில் விசிறியை அவள் பக்கம் திருப்பி வைக்காதே, தேனைக் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் கலந்து கொடு, சின்ன வயதில் உனக்கு அதுதான் கேட்டது. இங்கே பத்து நாளாக மழை. ஷெர் ஆறு பாலத்துக்கடியில் படிக்கட்டு வரை ஏறி, நேற்றுத்தான் இறங்கத் தொடங்கியது. தோட்டத்தில் லீக்ஸ் எல்லாம் அழுகிவிட்டன, உருளைக்கிழங்கை இன்னும் நடவில்லை.

போன ஞாயிறு நீ போன் செய்தபோது ஜூனில் விடுமுறை கிடைக்கவில்லை, நம் கோட்டைப் பயணத்துக்கு வர முடியாது, உன்னோடு வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவம், அவள் இடத்தையும் நீதான் பார்க்க வேண்டும் என்றாய். நான் உடனே சரி சரி பரவாயில்லை என்றேன். கோட்டைகள் ஐந்நூறு வருஷமாக அங்கேயேதான் நிற்கின்றன, எங்கேயும் ஓடிப்போகாது என்று சிரிக்கக்கூடச் செய்தேன். பக்கத்து வீட்டு இவெத் தன் காரில் என்னை அழைத்துப் போகிறாள், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றேன். அப்பாடா, அப்ப எனக்கு நிம்மதிம்மா என்றாய் நீ. அந்த நிம்மதி உன் குரலில் அப்படியே கேட்டது. போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஸொலேன், நான் சொன்னது பொய். போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே உண்மையைச் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் தபால் போய்ச் சேர எத்தனை நாளானாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

இவெத் வரவில்லை. ஜனவரியிலேயே கேட்டுப் பார்த்தேன். அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏண்டி ஜிஸ்லேன், உனக்கென்ன பைத்தியமா, நாம இந்த ஊர்க்காரங்க, கோட்டைய சுத்திப் பாக்குறது பஸ்ஸுல வர்ற வெளியூர்க்காரங்க பொழப்பு, எனக்கு ஜூன்ல பேரன் ஞானஸ்நானம் இருக்கு, வேற ஆளப் பாரு என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. எழுபத்திரண்டு வருஷம் இங்கேயே இருந்தும் நானும் ஒரு கோட்டைக்குள் கால் வைத்ததில்லையே. உன் அப்பாவாவது கேஸ் சிலிண்டர் லாரியில் எல்லாக் கோட்டைக்கும் சமையலறை வாசல் வரைக்கும் போயிருக்கிறார். தோட்டக்காரன் வீட்டில் சிலிண்டரை இறக்கிவிட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். ஓய்வு பெற்றதும் முன்வாசல் வழியா உன்னக் கூட்டிட்டுப் போறேன் பாரு என்பார்.

அதனால் பிப்ரவரியில் நான் ஒரு வண்டி வாங்கினேன். கோபப்படாதே. லைசன்ஸ் தேர்வில் நான் இரண்டு தடவை தோற்றதும் அதற்குப் பிறகு அப்பாவே என் காலாக இருந்ததும் உனக்குத் தெரிந்த கதைதான். இது லைசன்ஸே வேண்டாத வண்டி, நாற்பத்தைந்துக்கு மேல் ஓடாது, இரண்டே இருக்கை, தையல் மெஷின் மாதிரி சத்தம். குடித்துவிட்டு ஓட்டி லைசன்ஸைப் பறிகொடுத்தவர்கள் ஓட்டுகிற வண்டி என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் கசாப்புக் கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்காரர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மதாம், உங்களப் போய் நல்லவங்கன்னு நெனச்சோமே, எத்தன பாட்டில்ல பிடிச்சாங்க என்று கேட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளை ஒயின்தான், உங்க சாஸேஜ சாப்பிட்டுட்டு வேற எதக் குடிக்கிறது என்றேன். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிக்க ஆளில்லாததால் அந்தச் சிரிப்பு வழியிலேயே தீர்ந்துவிட்டது.

வண்டி வந்ததும் அப்பாவுடைய வரைபடத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். நாலு பேர் சாப்பிடுகிற மேஜை, இப்போது ஒரு மூலையில் என் தட்டு, மிச்சமெல்லாம் வரைபடம். அப்பா பென்சிலில் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. ஷெனான்சோவில் ஆரம்பித்து அம்புவாஸ், ஷோமோன், ஷாம்போர், அப்புறம் திரும்பி வில்லாந்திரி, அஸே, கடைசியில் ஷினோன், ஏழு கோட்டை ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறார். அவர் கணக்கு லாரிக்காரர் கணக்கு. என் வண்டிக்குப் பெரிய சாலைகளில் அனுமதியில்லை என்பதால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலைகளாகப் பார்த்து ரப்பரால் அழித்து அழித்து வேறு கோடு போட்டேன், பதினொரு நாள் வருகிறது. எந்த ஊரில் திங்கட்கிழமை எல்லாம் மூடிக் கிடக்கும், எங்கே நல்ல ஆட்டுப்பால் சீஸ் கிடைக்கும், எங்கே மாடி ஏறாமல் தங்கலாம் என்று ஓரத்தில் குறித்து வைத்தேன். மூன்று வாரம் அந்த வேலையில் சந்தோஷமாகவே இருந்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். வண்டியின் பக்கத்து இருக்கையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதில் கைப்பையை வைப்பேன், பிறகு அந்த இடத்தில் கைப்பையைப் பார்க்கப் பிடிக்காமல் எடுத்துப் பின்னால் போடுவேன்.

போன வியாழக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று கிளம்பினேன். பெரிய கோட்டை வேண்டாம், ஒரு குடும்பம் இன்னும் குடியிருக்கிற சின்னக் கோட்டை ஒன்று இருக்கிறது, லா ரோஷ்-ப்யூவேர், அப்பா மாதம் ஒரு தடவை சிலிண்டர் கொண்டு போவாரே, அது. வரைபடம் மடியில் இருந்தது. ரவுண்டானாவில் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்ததும் பயந்து ஏதோ ஒரு வழியில் நுழைந்துவிட்டேன். பார்த்தால் அதிவேகச் சாலை. லாரிகள் என்னைத் தாண்டும்போது வண்டி அப்படியே ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது. கொஞ்ச தூரத்தில் ஜாந்தார்ம் போலீஸ் வண்டி நீல விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து ஓரம் கட்டச் சொன்னது. இறங்கி வந்தவனுக்கு உன் வயதுகூட இருக்காது. வணக்கம் மதாம், இதுல கொஞ்சம் ஊதுங்க என்று குழாயை நீட்டினான். ஊதினேன், ஒன்றும் காட்டவில்லை. அவன் கருவியைத் தட்டிப் பார்த்தான். சரி, லைசன்ஸ எப்ப பறிச்சாங்க என்றான். தம்பி, எங்கிட்ட இருந்தாத்தானே பறிக்க முடியும் என்றேன். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்க போறீங்க, தனியாவா என்று கேட்டான். எனக்கு என்ன தோன்றியதோ, இல்ல, எம் பொண்ணு கோட்டை வாசல்ல காத்துட்டிருக்கா என்று சொல்லிவிட்டேன். அப்ப அவளக் காக்க வைக்க வேணாம், வாங்க என்று நீல விளக்கோடு எனக்கு முன்னால் போய் அடுத்த வழியில் இறக்கிவிட்டு, கையை ஆட்டிவிட்டுப் போனான். ராணிக்குக் கிடைக்கிற மரியாதை.

இந்தக் கூத்தில் நேரமாகிவிட்டது. கோட்டை வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டேகால், சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. நம் ஊரில் யார்தான் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கப் போகிறார்கள். இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று தெரிந்ததால் வண்டியிலேயே உட்கார்ந்து ரொட்டியில் பன்றிக்கறி ரியேத் தடவிச் சாப்பிட்டேன். இரண்டு மணிக்குச் சுற்றிக்காட்டுகிற பெண் சாவிக் கொத்தோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், கூட யாரும் வரலீங்களா என்றாள். இல்லை என்றேன். தனியாவா என்ற கேள்விக்கு அன்றைக்கு நான் பொய் சொல்லாமல் சொன்ன முதல் பதில் அதுதான். அவள் பாவம், சங்கடப்பட்டாள். மதாம், ஒருத்தருக்காக அறையெல்லாம் தெறக்க வேணாம்னு வீட்டுக்காரங்க கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க, நாலு பேராவது வேணும், கொஞ்சம் இருங்க, யாராவது வருவாங்க என்றாள். எனக்காக ஒரு நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டாள். மார்ச் மாதத்து வியாழக்கிழமை யார் வருவார்கள். மூன்று மணி வாக்கில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பெரிய நாயோடு வந்தார்கள், எனக்கு உயிரே வந்தது, நாயை உள்ளே விடமாட்டோம் என்றதும் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் வந்திருந்தாலும் மூன்று பேர்தான். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் என்னை வண்டி வரை குடை பிடித்துக் கூட்டிவந்து, உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா என்றாள். ஒரு பெண் இருக்கிறாள் என்றேன். அவங்களயும் குடும்பத்தயும் கூட்டிட்டு வாங்க, நான் நல்லாச் சுத்திக் காட்டுறேன் என்றாள். நீ, மாப்பிள்ளை, அப்போலின், நான். எண்ணிப் பார்த்தேன், சரியாக நாலு பேர். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் ஸொலேன். அப்பா இறந்த அன்றைக்குக்கூட வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் இப்படி அழவில்லை.

இதையெல்லாம் உன் மனதை நோகடிக்க எழுதவில்லை. கொஞ்சம் நோகட்டும் என்றும் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். அப்பா போய் இந்த அக்டோபர் வந்தால் மூன்று வருஷம். கல்லறையிலிருந்து திரும்பும்போது நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பயணத்த நாம போவோம்மா, வண்டிய நான் ஓட்டுறேன் என்றாய். நானாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஜூன் போயிற்று, இதோ மூன்றாவதும் போகிறது, நீ ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம் என்கிறாய். உன் அப்பாவும் முப்பது வருஷம் அதையே சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் மனதாரத்தான் சொன்னார், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசியாக அப்போலின் என் மடியில் உட்கார்ந்தபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது ஐந்து. போனில் அவள் என்னை மரியாதையாக வணக்கம் பாட்டி என்கிறாள், யாரோ கடைக்காரியிடம் பேசுகிற மாதிரி.

வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று சொல்லவில்லை. உன் வேலை எனக்குப் பெருமைதான். வேளைக்குச் சாப்பிடு, பிரசவத்துக்குப் போகிற அந்தப் பெண்ணிடம் நான் விசாரித்ததாகச் சொல், வெயிலில் தொப்பியில்லாமல் குழந்தையை விடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. அப்போலினுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கடவுள் உங்கள் மூவரையும் காற்றிலிருந்தும் கடலிலிருந்தும் காத்து நிற்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இதற்குப் பதில் போடும்போது ஒரு தேதி எழுது. மாதமும் கிழமையும் போட்டு, இரண்டு வருஷம் தள்ளி இருந்தாலும் சரி, அதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு இருந்துவிடுவேன். வர முடியாது என்றால் அதையும் அப்படியே எழுது. ஒரு நாள் அழுவேன், மறுநாள் ரொட்டிக் கடையில் சீட்டு ஒட்டி யாரென்றாலும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கத்தான் என்னால் முடியவில்லை.

உன் அம்மா,
ஜிஸ்லேன்