நாற்பத்தோராவது கேள்வி

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த சரோஜா அக்காவுக்கு,

நம் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஜனங்கள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்று இண்டூர்ப் பக்கம் நாம் வீடு வீடாகப் பதிவு செய்ததை இப்போதுதான் எழுத்தில் இறக்குகிறேன். பக்கத்து வீடுகளில் தெலுங்கு பேசிப் பழகிய நீ இல்லாவிட்டால் பாதிக் கதவு எனக்குத் திறந்திருக்காது. "கேள்வியச் சேத்து என்னடி பண்ணப்போற, ஊறுகாயா?" என்று கேலி செய்துகொண்டேதான் வந்தாய்.

முறை உனக்குத் தெரியும். படத்தைக் காட்டுவேன், பார்ப்பவர் அதிலிருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் பதில் சொல்லக் கூடாது. "மாடு யாருதும்மா?" என்று கேட்ட பெரியவர் பதில் வராமல் கடுப்பாகி, "காது கேக்காதா உனக்கு?" என்றாரே? அதற்கும் ஓர் எண் போட்டுக்கொண்டேன். நீ சிரித்தாய்.

கடைசியாக உன்னையும் உட்காரவைத்தேன். பஸ் ஸ்டாண்டில் பையோடு ஒரு பெண் தனியாக நிற்கும் படம். "நான் திரும்பி வரலைன்னா புள்ளையக் காலேஜில சேத்துவியா?" என்று கேட்டாய். படத்துப் பெண் கேட்பதாக நினைத்து நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு, "அடுத்தது" என்றேன்.

மறுவாரம் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைத்திருந்ததாகப் பிறகு மாமா சொன்னார்.

நேற்று அந்தப் பதிவைக் கேட்டேன். படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அதில் பிள்ளையே இல்லை. கேட்டுவிட்டு நீ பேசாமல் இருக்கிறாய், ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் வருகிறது. அப்புறம்தான் என் "அடுத்தது". என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது, அக்கா. கேள்வி கேள்வி என்று ஊரெல்லாம் அலைந்தவளுக்கு எதிரில் இருந்தவள் கேட்டது ஏன் உறைக்கவில்லை?

உன் கௌசல்யாவுக்கு மாமா மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். "பன்னண்டு படிச்சது போதும் புள்ள, கட்டிக் குடுத்துட்டா என் கடமை முடிஞ்சுது" என்றார். இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போய் அவரிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். "அவளே கேட்டாளா?" என்றார். பிறகு உள்ளே போய் அவளுடைய மார்க் ஷீட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை அவளை அரூர்க் காலேஜுக்குக் கூட்டிப் போகிறேன். நாற்பத்தொன்றை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டேன். அது என்னைக் கேட்டது.

சேத்துறேன், அக்கா.

உன் தங்கச்சி,
கௌசல்யாவின் சித்தி