எங்கிருந்து எங்கே அளந்தார்கள்?

இன்று அலுவலகத்துக்கு உன் நீள நோட்டை எடுத்துப் போனேன். லோக்கல் ரயிலில் நீ மடியில் வைத்துத் தின்ற பூரியின் எண்ணெய்க் கறை அட்டையில் இன்னும் இருக்கிறது.

அரை மணிக்கு ஒரு வரி. நேரம், எதிரே மில்லிசெகண்ட். அப்போது நாம் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து சென்னை தலைமை அலுவலகத்துக்கு ஒரு துளித் தகவலை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து எழுதுவாய். "எழுதலன்னா நம்மளத்தான்டி சொல்லுவானுங்க" என்பாய். எழுதியும் உன்னைத்தான் சொன்னார்கள். லாரிகள் கேட்டில் காத்திருக்க, சரக்கு அனுப்பும் சீட்டு திரையில் நகராது. அந்தப் பெண்ணுக்கு சிஸ்டம் பார்க்கத் தெரியவில்லை என்று மேனேஜர் உன்னைப் பற்றிப் பேசினார்.

இணைய நிறுவனத்தின் மாத அறிக்கையோ, தாமதம் ஒப்பந்த இலக்குக்குள்தான் என்றது. அவர்களுடைய ஆள் வந்த அன்று மேனேஜர் முன்னாலேயே கேட்டாய்.

"எங்கேர்ந்து எங்க சார் அளந்தீங்க?"

"சென்னைல எங்க எக்ஸ்சேஞ்சுலேர்ந்து இங்க பக்கத்துல புதுவாயல் எக்ஸ்சேஞ்சு வரிக்கும்."

"அங்கேர்ந்து எங்க கேட்டு வரிக்கும்?"

"அது அக்ரிமென்ட்ல இல்லம்மா. மாச சராசரி நல்லாத்தான கீது?"

"ஞாயித்துக்கிழமை காலி டிரெயினையும் சேத்துக்கினு கணக்கு போட்டா, திங்கக்கிழமை காலைல எனக்கும் உக்கார சீட்டு கீதுன்னு சொல்லலாம் சார்."

நான் சிரித்துவிட்டேன். மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்.

அடுத்த வாரம் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காரணம், 'கவனக்குறைவு'. அந்தக் கடிதத்தை டைப் செய்தவள் நான். அந்தச் சொல்லை அடித்தபோது என் விரல் நிற்கவில்லை. நீ நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய்.

இரண்டு வருடத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அதற்காக யார்மேல் கோபப்படுவது? ஆனால் அந்த மாத அறிக்கைமேல் கோபப்படலாம். அதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. யாரும் வேலை செய்யாத இடத்தில், யாரும் வேலை செய்யாத நேரத்தையும் சேர்த்து அளந்த உண்மை அது. அதை வைத்து உன் பெயரைக் கெடுத்தார்கள்.

இப்போது வேறொரு கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படிப்பது என் வேலை. இன்று வந்த இணைய இணைப்பு ஒப்பந்தத்தில் அளக்கும் இடம் பற்றிய வரியை அடித்துவிட்டு, 'எங்கள் மேசையிலிருந்து, வேலை நேரத்தில், மணிக்கு மணி' என்று பேனாவால் எழுதினேன்.

அதைக் கொண்டுவந்தவர் நெளிந்தார். "இப்படி யாருமே கேட்டதில்ல மேடம்."

"கேட்டிருக்காங்க" என்று உன் நோட்டை அவர் முன்னால் திறந்து வைத்தேன்.