ஆகாயத்தாமரையும் என் சக்களத்தியும்

மார்ச் 4

காற்று இன்றும் மேற்கிலிருந்துதான். விடிந்ததும் கரைக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஆகாயத்தாமரை. ஏரி இருந்த இடத்தில் பச்சை வயல். ஊதாப் பூ வேறு பூத்துத் தொலைக்கிறது. காற்று இதைக் கரைக்குத் தள்ளிவந்து இன்றோடு பதினோராம் நாள்.

என் புருஷன் ஒக்வேனோ தன் படகின் பக்கத்தில் குந்தி, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "கெடக்கட்டும் சேமேக்காரி. காத்து மாறும்" என்றார். நான் பிறந்தது சேமே. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியும் புருஷனுக்கும் இந்த ஊருக்கும் நான் சேமேக்காரிதான்.

மார்ச் 6

தண்ணீர் எடுக்கச் செடியை விலக்கினால் அடியில் கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். இரண்டு திலாப்பியா மீன் வயிறு மேலாக மிதந்தன, மூச்சுக்கு வழியில்லாமல் செத்தவை. வேரெல்லாம் நத்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சிறுநீரில் ரத்தம் போகிறது. நத்தை இருக்கும் தண்ணீரில் காலை வைக்காதே என்றார் மருந்தகத்து அம்மா. வேறு எந்தத் தண்ணீரில் வைப்பது?

மார்ச் 9, ஞாயிறு

கிசுமுவில் நாற்காலி பின்னுகிறவர்கள் எங்கள் பெண்கள் குழுவிடம் நாற்பது கட்டுக் கயிறு கேட்டு, முன்பணமும் தந்திருக்கிறார்கள். ஆகாயத்தாமரைத் தண்டை அறுத்து, காயவைத்து, பிளந்து முறுக்க வேண்டும். மிச்சமுள்ள வேரும் இலையும் மட்கினால் என் கீரைப் பாத்திக்கு எரு. குழுவை நடத்தும் அடோங்கோ அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஆம்பளைங்க வயித்துல அடிச்சது நம்ம மடியில விழுந்திருக்குடி. இன்னும் ரெண்டு வாரம் காத்து இப்படியே நிக்கணும்னு சர்ச்சுல வேண்டிக்கோ" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

மார்ச் 10

முற்றத்தில் காயும் தண்டுகளைக் காலால் தள்ளிக்கொண்டு ஒக்வேனோ வந்தார். "இந்தச் சனியனுக்கு வீட்டுலயும் எடம் குடுத்துட்டியா?"

"அந்தச் சனியன்தான் இன்னிக்கு உகாலிக் களிக்கு மாவு வாங்கிப் போட்டுது."

சொல்லியிருக்கக் கூடாது. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு ஏன் இப்படி ஒரு நாக்கு?

மார்ச் 11

பேச்சில்லை.

மார்ச் 13

போய்விட்டார். செடிக்கு நடுவே ஒரு கோடு போலத் தண்ணீர் தெரிந்ததாம். "அதுல நுழைஞ்சா வெளி ஏரிக்குப் போயிரலாம்" என்றார். கூட்டாளி வர மறுத்துவிட்டான். தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்தப் படகு என் சக்களத்தி. சும்மா கேலிக்குச் சொல்லவில்லை. அது வந்த அன்று ஆடு அறுத்து, மணப்பெண்ணைப் போலத்தான் கரைக்குக் கூட்டிவந்தார்கள். பெண் ஏறினால் மீன் விலகிப் போகும் என்பதால் நான் ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை. அவர் தள்ளும்போது, போகாதீங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. மாவைச் சொல்லிக் காட்டிய வாய் எந்த முகத்தோடு அதைச் சொல்லும்?

மார்ச் 14

வரவில்லை. அந்தக் கோடும் மூடிக்கொண்டது. நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அடோங்கோ அக்கா கயிறு முறுக்கியபடி கூடவே இருந்தாள்.

மார்ச் 15

வந்துவிட்டார். மத்தியானம். உயிரோடு.

செடி மொத்தமாக நகர்ந்து வலைகளைப் பிடித்து இழுத்திருக்கிறது, கூடவே படகையும். வலையை அறுத்துவிட்டுத்தான் தப்பியிருக்கிறார். எல்லா வலையும் போச்சு. கை முழுக்கக் கயிறு அறுத்த காயம். "பயந்துட்டியா?" என்று கேட்டார். "இல்லையே" என்றேன்.

அவர் கண்ணயர்ந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். காத்து இப்படியே நிக்கட்டும்னு கேட்டவ நான்தானே? பாவி, நான்தானே? எத்தனையோ கேட்டிருக்கேன் — இதை மட்டும் ஏன் சாமி உடனே குடுத்தே?

மார்ச் 18

அவரிடம் சொல்லிவிடலாமா? சொல்லி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 21

காற்று திரும்பிவிட்டது. ஒரே பகலில் ஏரியின் வளைகுடா திறந்துகொண்டது. எல்லாப் படகும் போயின. வலையில்லாத இவர் போகவில்லை. இன்னொருவன் படகில் கூலிக்கு வரச் சொன்னார்களாம், தலையை மட்டும் ஆட்டினார். சரியென்றா, வேண்டாமென்றா, எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கயிறும் இருபத்தாறு கட்டோடு நிற்கிறது. "செடி அவ்வளவு தூரத்துல மெதக்குது. போயி அறுக்க நமக்கென்ன கொக்குக் காலா இருக்கு?" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மார்ச் 24

காலையில் கரைக்கு வரச் சொன்னார். படகு தண்ணீரில் நின்றது. பலகை மேல் என் அரிவாள்.

"ஏறு."

"நானா? பொம்பள ஏறினா மீனு—"

"அது மீன் பிடிக்கிற படகுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். செடியின் ஓரம் வரை அவரே துடுப்பு வலித்தார். ஏரியில் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனிதர். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "நீட்டமானதா, குட்டையானதா? எதை அறுக்கணும்னு நீயே சொல்லு" என்றார்.

நீளமானதைக் கையால் காட்டினேன். அரிவாளை எடுத்து முதல் தண்டை அறுத்தேன்.